ஊஞ்சல்ல முதல்ல யாரு?

— ஏணியை விட்றாதீங்க சம்பந்தி! நான் கீழ விழுந்தேன்னா உங்க பொண்ணுதான் மாமனாரைப் படுக்கையில வச்சுப் பாக்கணும், ஆமா.

— விடல, விடல. கெட்டியாப் பிடிச்சிருக்கேன். நீங்க நிதானமா திருகுங்க.

— நிதானமாவா? காலமெல்லாம் பி.டி. வாத்தியாரா விசில் ஊதினவன்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள ரெண்டு ஊஞ்சலும் தொங்கணும். பேத்தி இறங்கினதும் பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா இங்கதான் ஓடி வருவா. என்ன நான் சொல்றது?

— அதுவும் சரிதான்.

— பேரன் அவளுக்கு முன்னாடி வருவான், செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அட, பாருங்க, கொக்கி எப்படி இறங்குதுன்னு! வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி!

— அவ்வளவு சுலபமாவா இறங்குது?

— கை அப்படி சம்பந்தி, கை!

— ஆங்... அதுவும் சரிதான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— இதோ, கடைசிக் கொக்கியும் ஆச்சு. அந்தச் சங்கிலியைக் குடுங்க. ம்ம்... அம்சமா இருக்குல்ல? மேல பலகை போட்ட டெக், கீழ நிழல், நடுவுல ஊஞ்சல். வெயில் அடிச்சாலும் ஆடலாம், மழை பேஞ்சாலும் ஆடலாம். எப்படி வந்துச்சு உங்களுக்கு இந்த யோசனை?

— எனக்கா? ஊஞ்சல்னு சொன்னது நீங்கதானே.

— சேச்சே! 'டெக்குக்குக் கீழ இவ்வளவு இடம் சும்மா கிடக்கே'ன்னு நேத்து எடுத்துக் குடுத்தது யாரு? நீங்கதான். பெருமை உங்களுக்குத்தான் சேரணும்.

— ஐயோ, உங்களுக்குத்தான்.

— சரி, காபி குடிச்சுட்டு இந்தப் பஞ்சாயத்தைத் தீத்துக்கலாம். நீங்க மேல போய் உங்க பொண்ணுகிட்ட வாங்கிட்டு வாங்க. நான் அதுக்குள்ள கீழ மணலைக் கொட்டிப் பரப்பிடறேன். ஆடற பிள்ளைங்க விழத்தான் செய்யும். முட்டி பேந்துடக் கூடாது.

— இதோ போய்ட்டு வந்துடறேன்.

— அப்பா! டெக் நடுவுல முட்டி போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க? பூந்தொட்டியை எதுக்கு வழியில கொண்டாந்து வைக்கறீங்க?

— ஷ்ஷ்! கத்தாதம்மா. கீழ உன் மாமனார் இருக்காரு.

— நானே மீட்டிங்ல இருக்கேன். மைக்கை அணைச்சுட்டு ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

— இங்க ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்கு.

— என்ன முனை?

— கொக்கியோட முனை. கீழேருந்து அவர் திருகினது பலகையைத் துளைச்சுக்கிட்டு மேல எட்டிப் பாக்குது. அப்படின்னா கொக்கி உத்தரத்துல ஏறலம்மா. வெறும் பலகையில நிக்குது. பலகையைத் தாங்கற தடியான உத்தரம் அந்தாண்ட ஒரு சாண் தள்ளி ஓடுது.

— அதை அவர்கிட்ட சொல்லாம, மேல தொட்டியை வச்சு மூடறீங்களா?

— பாத்தா அவருக்கு மனசு சங்கடப்படும்ல.

— அப்பா! பிள்ளைங்க ஏறி ஆடினா பிச்சுக்கிட்டு வந்துடும்ப்பா!

— தெரியுதும்மா. ஆனா மாப்பிள்ளையோட அப்பாகிட்ட போய் 'நீங்க செஞ்சது தப்பு'ன்னு எந்த வாயால சொல்வேன்? உன் கல்யாணத்துல ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், 'மைக்ல கொஞ்சம் மெதுவாப் பேசுங்க'ன்னு. மாசக்கணக்கா மனுஷன் போனே பண்ணல. 'உங்களை யாருப்பா வாயைத் திறக்கச் சொன்னா'ன்னு நீ அழுதியே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அவர்கிட்ட இனிமே 'சரிதான்' தவிர வேற பேச்சே கிடையாதுன்னு.

— அதுக்காக இதுக்குமா சரிதான்? கண்ணாடிக் கடை வச்சு ஊருக்கே கண்ணு பாத்த மனுஷன் நீங்க. கண்ணு முன்னாடி இருக்கறதைத் தொட்டி வச்சு மறைக்கறீங்க!

— இப்படிச் செஞ்சா என்ன? பெயிண்ட் இன்னும் காயலன்னு பிள்ளைங்களை இன்னைக்கு நிறுத்தி வச்சுட்டு, நாளைக்கு அவர் வாக்கிங் போறப்ப நானே கழட்டி மாத்திடறேன்.

— பெயிண்டே அடிக்காத ஊஞ்சலுக்கா?

— வார்னிஷ்னு சொல்லிக்கலாம்.

— ஒண்ணும் வேணாம். வேன் வர்றதுக்குள்ள நீங்களே சொல்றீங்க. இல்லன்னா நான் இறங்கி வந்து சொல்லுவேன், தொட்டிக் கதையையும் சேத்து. காபி மேடை மேல ஊத்தி வச்சிருக்கேன். எடுத்துட்டுக் கிளம்புங்க.

— உங்கம்மாவே தேவலை.

— வாங்க சம்பந்தி, வாங்க! காபியை அந்தப் படியில வைங்க. மணல் போட்டாச்சு பாருங்க, மெத்தை மாதிரி. இப்ப சோதனை. நான் உக்காந்து ஆடிக் காட்டறேன். என்னைத் தாங்கிட்டா அந்த ரெண்டு வாண்டுகளையும் தாங்கும். என்ன நான் சொல்றது?

— அதுவும் சரி... இல்ல! இருங்க! முதல்ல காபி. ஆறிடும்.

— ஆறட்டும்.

— அப்ப நான் உக்கார்றேன்!

— நீங்களா?

— ஆமா. நான் ஒல்லி. முதல்ல லேசான ஆள் உக்காந்து பாக்கறதுதானே முறை?

— வேணாம்! நீங்க உக்காரவே கூடாது!

— ஏன்?

— ஏன்னா... உங்களுக்கு முட்டி வலி.

— ஊஞ்சல்ல உக்காரத்தானே போறேன், ஓட்டப்பந்தயமா ஓடப் போறேன்? நகருங்க.

— நீங்க நகருங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளி நீங்க.

— நீங்களும்தான் போன வாரம் பெட்டியோட வந்து இறங்கினீங்க.

— சங்கிலியை விடுங்க சம்பந்தி!

— நீங்க விடுங்க!

— இழுக்காதீங்க, நான் பாதி உக்காந்துட்டேன்!

— எழுந்திருய்யா! எழுந்திருன்னா எழுந்திரு! அது வெறும் பலகையில நிக்குதுய்யா, உத்தரத்துல இல்ல! இன்னைக்கு உன் இடுப்பு போகும், நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க மண்டை உடையும்! கண்ணை எங்கய்யா வச்சுக்கிட்டுத் திருகினே?

— எழுந்துட்டேன் சம்பந்தி, எழுந்துட்டேன்.

— ஐயையோ. சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ஏதோ வாய் தவறி...

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பலகையிலதான் நிக்குதுன்னு தெரியும். கொக்கி இறங்கின வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு. எத்தனை கோல் போஸ்ட் நட்டிருப்பேன்? கெட்டி மரம் அப்படியா வழி விடும்?

— தெரிஞ்சுமா உக்காரப் போனே... போனீங்க?

— 'போனே'ன்னே சொல்லுங்க, நல்லா இருக்கு. ஆமா, தெரிஞ்சேதான் போனேன். பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே என் கனத்துல அது பிச்சுக்கிட்டு வந்துட்டா, 'குண்டன் உக்காந்தான், கொக்கி போச்சு'ன்னு பழி என் தலையில விடிஞ்சிரும். உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நல்ல இடமாப் பாத்து மாட்டிக்கலாம்.

— என்னை எதுக்கு சொல்லணும்?

— இடத்தைக் குறிச்சது நீங்களாச்சே! அண்ணாந்து பாருங்க, அந்தப் பலகை நெடுக சாக்பீஸ்ல வரிசையாப் பெருக்கல் குறி.

— நான் எங்கய்யா குறிச்சேன்? ஏணியைத் தவிர நான் எதையும் தொடலயே! நீங்க போட்ட குறின்னுல்ல வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!

— நானா? இன்னைக்கு நான் இங்க வர்றப்பவே குறி இருந்துச்சு. பொண்ணோட அப்பா அக்கறையாப் போட்டு வச்சிருக்காரு, தப்புன்னு சொன்னா மனசு ஒடிஞ்சுபோவாருன்னு விட்டுட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு மாசக்கணக்கா போன் பண்ணாதவராச்சே நீங்க!

— கோவிச்சுக்கிட்டது நானா? கல்யாணத்துக்கு அப்புறம் பேசாம இருந்தது நீங்கதானே!

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்? மைக்ல கத்தி உங்க சொந்தக்காரங்க முன்னாடி உங்க மானத்தை வாங்கிட்டோமேன்னு கூனிக்குறுகிப் போயிருந்தேன்யா. நீங்க ஒரு தடவை கூப்பிட மாட்டீங்களான்னு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— நானும் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். தூக்கமே கிடையாது.

— நான் மட்டும் தூங்கினேனாக்கும்?

— நல்லா வாய்ச்சோம்யா சம்பந்தி, ரெண்டு பேரும்!

— பிடிங்க ஏணியை. எல்லாத்தையும் கழட்டறேன். இந்தத் தடவை உத்தரத்துலயே ஓட்டை போட்டு, தடி போல்ட்டா இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் நட்டு முடுக்கிடுவோம். தூண்லேருந்தும் தள்ளி இருக்கணும், வீசி ஆடினா மண்டையில இடிக்கக் கூடாது. தப்புன்னு பட்டா உடனே சொல்லிடணும், என்ன?

— சொல்றேன். இப்பவே ஒண்ணு சொல்றேன். மெதுவாப் பேசுங்க, காது அடைக்குது.

— அது மட்டும் இந்த ஜென்மத்துல நடக்காது.

— மாமா! அப்பா! நீங்க போடற சத்தம் என் மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குது. வேன் வேற தெருமுனைக்கு வந்துடுச்சு, அதான் நானே இறங்கி வந்துட்டேன். சொல்லியாச்சா இல்லையா?

— எல்லாம் சொல்லியாச்சும்மா, கல்யாணக் கதை வரைக்கும். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இந்தப் பெருக்கல் குறியை யாரு போட்டது? உன் புருஷனா?

— ஐயோ மாமா, போயும் போயும் இந்தப் பலகையிலயா மாட்டினீங்க? குறி போட்டது நான்தான். இது மழையில ஊறி இத்துப்போன பலகை, தச்சர் வந்து மாத்தற வரைக்கும் யாரும் இதுல கை வச்சிடக் கூடாதுன்னு!