பாவுக்காகத் திரும்பின மாடுகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, வைகைக்குத் தெக்கே ஒரு கோனார் ஊராம். அந்த ஊர் எல்லையில, வடக்கேருந்து நடந்து நடந்து வந்த நம்ம நெசவு ஆளுங்க ஏழு குடும்பம் இறங்கினாங்களாம். பேச்சு வேற. ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. கையில மிஞ்சினது, அதுல துளசிபாய்னு ஒருத்தி தலையில சுமந்து வந்த ஒரே ஒரு பாவு நூல், சேலைக்கு நீளவாக்குல ஓடற நூல். அதை நெய்தாத்தான் சோறு, இல்லேன்னா மறுபடியும் நடை. நடக்கக் காலு யாருக்கு இருக்கு?

பாவை நீட்டிக் கட்ட நேரான இடம் வேணும், நிழல் வேணும். தேடினா துளசிபாய். புளியமரத்து ஓரமா பாதை ஒண்ணு நேரா போச்சு. "அடடா, நமக்குன்னே போட்டு வச்சிருக்காங்க!"ன்னு விடியக்காலம் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷால நீவ ஆரம்பிச்சாளாம். அது மாடு மேய்ச்சலுக்குப் போற பாதைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

வந்துச்சாம் மாடு. ஒண்ணா ரெண்டா, ஊர் மாடு மொத்தமும். பின்னால சடையாண்டிக் கோனார்.

"யாரது? அவுருங்க அதை!"

அவளுக்குப் புரியலை. தன் பேச்சுல கத்தினா, கெஞ்சினா. கை மட்டும் நிக்கலை. கஞ்சி காயற வரைக்கும் நீவிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா இழையெல்லாம் ஒட்டிப் போயிரும், பாவு போச்சு. கண்ணுல தண்ணி ஓடுது, கை நீவுது, கண்ணுல தண்ணி ஓடுது, கை நீவுது.

கோனார் கிட்ட வந்து ஒரு இழையைத் தொட்டாராம். விரல்ல ஈரக் கஞ்சி ஒட்டுச்சு. அவ கையைப் பார்த்தார். அப்புறம் சொன்னாராம்:

"நீ வேலையைப் பாரு தாயி."

மாட்டைத் திருப்பினார். திருப்ப வேற வழி ஏது? தன் கம்பங்கொல்லைதான். கதிர் முத்தின கொல்லை. மாடு தின்னது பாதி, மிதிச்சது பாதி.

அவர் பொண்டாட்டி மூக்காயி விடுவாளா? "ஏன்யா, கம்பை மாட்டுக்கு விட்டுட்டு நூலுக்குக் காவல் நின்னீராக்கும்! இனி நூலைத்தான் களி கிண்டணும்!"

"கம்பு அடுத்த மழைக்கு முளைக்கும்டி. அந்தப் பொண்ணு நூல் முளைக்குமா?"

பாவு காஞ்சது, தறி ஏறுச்சு. முதல் சேலையைத் தறியிலேருந்து அறுத்ததும் துளசிபாய் மூக்காயி வாசலுக்குத்தான் போனாளாம். மூக்காயி விரிச்சுப் பார்த்தா, தடவிப் பார்த்தா. உள்ளே கூப்பிட்டு இருந்த களியைப் பிச்சுக் கொடுத்தாளாம். அன்னைக்கு இந்த ஊர்லயே நின்னுட்டவங்கதான் நாம. ஏழு குடும்பம் நாலு தெருவாச்சு.

அந்தப் பாதைக்கு இன்னைக்கும் மாடுதிருப்பித் தெருன்னுதான் பேரு. அங்கே பாவு போடறப்ப நாம பேசறது, சிரிக்கிறது, சண்டை பிடிக்கிறது எல்லாம் நம்ம பேச்சுலதான். ஆனா பிரஷைக் கஞ்சியில தோய்க்கறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு மூத்தவ மட்டும் தமிழ்ல சொல்லுவா: "நீ வேலையைப் பாரு தாயி." துளசிபாய் கத்துக்கிட்ட முதல் தமிழ் அதுதானாம்.