கடைசியாக வந்தவருக்குப் பெரிய இடம்

ஒரு விண்டோவை இன்னொரு விண்டோ மறைத்தால் எனக்கு வேலை ஓடாது சார். கம்ப்யூட்டர் திரையில் நாம் திறக்கிற கட்டங்களைத்தான் சொல்கிறேன். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அது புரிய வேண்டுமானால் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

திரையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மென்பொருளுக்கு விண்டோ மேனேஜர் என்று பேர். மூன்று ரகம் பழகிப் பார்த்திருக்கிறேன். முதல் ரகத்தில் எதைத் தொட்டோமோ அது மேலே, மற்றது அடியில். பந்திக்கு முந்துகிற கூட்டம்தான். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் சரிசமமாக இடம் பிரிக்கும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கடைசியாக வந்ததற்குப் பாதித் திரை. முன்பே இருந்தவை ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். சண்டை கிடையாது, சிபாரிசு கிடையாது.

விளாங்குடியில் நான் வேலை பார்க்கிற ஃபிளெக்ஸ் கடையில் இதைப் போட்டேன். முதலாளி நல்லகாமன் அண்ணன், "ஏப்பா சூரியபிரகாசு, எம்புட்டுத் தேடியும் ஒண்ணையும் காணோமே" என்று கத்தினார். பிறகு பழகிவிட்டார்.

அப்போதுதான் முனீஸ்வரி அக்கா ஆர்டர் கொடுக்க வந்தார். மகள் மீனாவுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு இரண்டு அண்ணன்கள், விருமாண்டியும் பேயாண்டியும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஃபிளெக்ஸில் யார் படம் பெரிதோ அவர் மடி. தன் படம் சிறிதானால் சீரோடு வாசலிலேயே திரும்பிவிடுவேன் என்று இருவருமே சொல்லியிருந்தார்கள்.

"தாய்மாமன் இல்லாம குத்துனா ஊரு என்ன பேசும் தம்பி? பிள்ளைக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. நீதேன் எதையாச்சும் செய்யணும்" என்று அக்கா அழுதுவிட்டார்.

எனக்கும் துக்கமாக இருந்தது. கூடப் பிறந்தவள் என்று எனக்கு யாரும் இல்லை. மாமா என்று கூப்பிட ஒரு குழந்தை இல்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லாததுதான், எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்று நாள் கழித்து முதல் ரகப்படி போட்டுக் காட்டினேன். பேயாண்டியின் மீசை விருமாண்டியின் தோளில் ஏறிவிட்டது. சரிசமமாகப் போட்டேன். "அவனும் நானும் ஒண்ணாடா?" என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் செய்து கேட்டார்கள். ஆகவே மூன்றாவது. கடை சாத்துவதற்குள் கடை வாட்ஸ்அப்புக்குக் கடைசியாக வரும் படத்துக்குப் பாதி ஃபிளெக்ஸ். அண்ணன்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். தான்தான் கடைசி என்று இருவருக்கும் நம்பிக்கை.

அன்று முழுக்கப் படங்கள் வந்தன. விருமாண்டி காளையோடு நின்றார். பேயாண்டி ஜீப் மேல் ஏறி நின்றார். விருமாண்டி அரிவாளோடு வந்தார், பேயாண்டி இரண்டு அரிவாளோடு வந்தார். சாத்துகிற நேரத்தில் கடைசியாக வந்த படத்தை விதிப்படி பெரிதாக்கினேன். கீழே 'தாய்மாமன்' என்ற எழுத்து ஏற்கனவே இருந்தது. அதை நான் தொடவில்லை.

அது என் படம். வாட்ஸ்அப் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் அனுப்பிய சோதனைப் படம். விதி என்றால் எனக்கும் சேர்த்துத்தானே சார்.

இன்று காலை கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்த சனம் மண்டப வாசலில் அண்ணாந்து பார்த்தது. "யாருப்பா இந்த மூணாவது மாமன்?" என்று யாரோ கேட்டார்கள். அக்காவின் அம்மா முத்துத்தாய்க்கு, செத்துப்போன கணவர் உரம் வாங்க அடிக்கடி விளாங்குடிக்குப் போனது நினைவுக்கு வந்துவிட்டது.

"இதுக்குத்தேன் ஒரம் ஒரம்னு ஓடுனியா பாவி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஃபிளெக்ஸ் நேராக நிற்கிறதா என்று பார்க்க நானும் அங்கேதான் நின்றிருந்தேன். என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மூக்கு அவுக மூக்குத்தேன்" என்றார். பெரியவர்கள் சொல்லை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள்.

ஒரு காது குத்தியாகிவிட்டது. அடுத்த காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது நல்லகாமன் அண்ணன் சாப்பிட வந்தார். "டேய், நீ திருவாதவூர்க்காரன்ல? ஒங்கப்பன் அங்க குத்துக்கல்லாட்டம் இருக்காரே" என்று கேட்டுவிட்டார்.

அண்ணனும் தம்பியுமாக என்னை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வெளியே ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது நான்தான். நல்ல நேரம் முடிவதற்குள் அவர்களை அனுப்பிவிடுங்கள். இன்னொரு காது பாக்கி. மீனா அழுகைக்கு நடுவே என்னை மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டாள். எனக்கு அது போதும்.

ஏமாற்று, ஆள்மாறாட்டம் என்றெல்லாம் எழுத வேண்டாம். எனக்குத் திட்டம் எதுவும் இல்லை. சோதனைப் படத்தில் பட்டு வேட்டி, மாலை, கையில் சீர்த்தட்டு எதற்கு என்று கேட்கிறீர்கள். சோதனை என்றால் சரியாகச் செய்ய வேண்டும் சார். அதனால்தான் அக்கா ஆர்டர் கொடுத்த மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போய் அதை எடுத்து வைத்துவிட்டேன்.