ஹீட்டருக்குக் கட்டிய துணி

— இதாங்க்கா, நானே கட்டினது. ஊர்ல எல்லாரும் ஜன்னலுக்குத் துணி கட்டுவாங்க. நான் ஹீட்டர் முதுகுல கட்டினேன், ரெண்டு மடிப்பா.

— டேய் எரிக், அப்பாவ அடக்கம் பண்ணி ஒரு வாரங்கூட ஆவல. அத ஏன் இப்ப தூக்கிக்கினு வந்து நிக்கறே?

— ராபர்ட்சன்பேட்டையில ரிப்பேர் கடை கோவிந்தன்கிட்ட காட்டிட்டு வர்றேன். ரிப்பேரே இல்லையாம்.

— அப்ப ஏன் சூடு வரல?

— உள்ள கம்பி கிடையாதாம், பீங்கான் தகடு. பின்னாலருந்து ஃபேன் காத்த இழுத்து அது மேல ஓட்டினாத்தான் சூடு வெளிய வரும். காத்து அடைச்சிச்சின்னா தகடு ரொம்ப சூடாயி, தானே கரண்ட்டக் கொறைச்சிக்குமாம். எரிஞ்சி போவாம இருக்க அதுக்கு அப்படி ஒரு புத்தி. எனக்கு வைக்க ஆண்டவர் மறந்துட்டாரு.

— தூசி அடைச்சாலும் அப்படித்தானா?

— அதே கதைதான். தங்கச் சுரங்கத்துச் சைனைடு மேட்டுலருந்து பறக்கற மண்ணு அப்பா நெஞ்சுக்குள்ள போவக்கூடாதுன்னுதான் துணியே கட்டினேன். லைட் எரிஞ்சிது, ஃபேன் கத்துச்சி. நல்லா ஓடுதுன்னு எனக்கு நானே ஷொட்டு குடுத்துக்கினு வேலைக்குப் பெங்களூர் ரயிலப் புடிச்சிட்டேன்.

— சாப்டியா நீ?

— கரோலின்க்கா, கடைசி அன்னிக்கு நீதான் பக்கத்துல இருந்தே. அப்பாவுக்குக் குளுந்துச்சா?

— காபி ஆறிப்போவுது பாரு.

— பாஸ்டரக் கேட்டேன், கர்த்தர் சித்தம்னாரு. டாக்டரக் கேட்டேன், வயசாச்சின்னாரு. கோவிந்தனக் கேட்டேன், வாரண்டி இன்னும் கீதுன்னாரு. எல்லாரும் நல்லவங்க.

— டாக்டர் சொன்னது நெசம்டா. நெஞ்சு முன்னாடியே போயிடுச்சி. ஹீட்டர் இன்னா பண்ணும்?

— நான் அதக் கேக்கல. எனக்கு அழுகையும் வரல, ஒண்ணும் வரல. தகடு மாதிரி உக்காந்துனு கீறேன். குளுந்துச்சா, இல்லியா?

— குளுந்துச்சிடா. ரெண்டு கம்பளி போத்தியும் கை சில்லுனு இருந்துச்சி. துணிதான் காத்த அடைக்குதுன்னு அப்பாவே சொன்னாரு, சுரங்கத்து அண்டர்கிரவுண்டுல காத்துப் பாதை பாத்தவராச்சே. அவுக்கப் போனேன். கையப் புடிச்சிக்கினாரு. ‘உட்டுடும்மா, புள்ள ஆசையா கட்டிட்டுப் போயிருக்கான்’னாரு.