பந்து பறக்கும் முன் அசைந்த கால்

அவைக்குத் தலைமை தாங்கும் கல்லூரித் தலைவர் டாக்டர் ஆர்டன் அவர்களே, தொண்டை கட்டியும் தோல்வி காணாத பயிற்சியாளர்களே, நெப்ராஸ்காவின் பனியிலும் பந்தயம் தவறவிடாத பெரியோர்களே, மகனின் சட்டை எண்ணை முதுகில் அணிந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஒரு கேள்வி. ஒருவன் பக்கம் மாறும்போது, பழைய பக்கத்தில் கற்றது யாருக்குச் சொந்தம்? எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். இதற்குச் சூத்திரம் இல்லை.

ஜாரெல் ஓடம் நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் இரண்டு ஆண்டுகள் தாக்கும் அணியில் பந்து பிடித்தவன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டேனர் வாஸ், அவனுடைய அறைத்தோழன். ஒருவன் எறிய, ஒருவன் ஏந்த, ஒரே மூச்சாய் இருந்தார்கள். இந்த வசந்தத்தில் தடுப்பு அணியில் ஆள் குறைந்தது. "நீ இந்தப் பக்கம் வா" என்றார்கள். வந்தான். பந்தைத் துரத்தியவன், பந்து பிடிப்பவனைத் துரத்தக் கற்றான். முன்னோக்கி ஓடியவன் பின்னோக்கி ஓடப் பழகினான். என் வகுப்புக்கே பின்னோக்கி ஓடி வந்து கதவில் மோதினான். சிரியுங்கள், அவனும் சிரித்தான்.

சனிக்கிழமை இரு அணிகளும் மோதும் பயிற்சி ஆட்டம். அதில் தேறினால் டேனர் முதல் குவார்ட்டர்பேக். தேறினால்தான் ஜாரெலுக்கு வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் பேருந்தில் இடம்.

வியாழனன்று ஜாரெல் என் அறைக்கு வந்தான். "மேடம், தூரமா எறியறதுக்கு முன்னாடி டேனர் இடது காலைக் கொஞ்சம் பின்னால இழுப்பான். எனக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பாத்து பந்தைப் பறிச்சா தப்பா?"

நான் என்ன சொன்னேன்? "யோசித்துத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன். ஆட்டம் சனிக்கிழமை! ஆம் அம்மா, நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது நியாயம்தான்.

வெள்ளி மதியம். நம் உணவுக்கூடத்தில் தாக்குபவர்கள் சன்னலோரம், தடுப்பவர்கள் அடுப்படியோரம். ஜாரெல் தட்டோடு சன்னலோரம் நடந்தான். நான் பின்மேசையில் இருந்தேன்.

"உன் எடம் அங்கடா, துரோகி" என்றான் டேனர், வாய் நிறைய ரொட்டியோடு.

"தூரமா எறியறதுக்கு முன்னாடி இடது காலை இழுக்கறடா நீ."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா ஏன்டா சொல்லல?"

"அப்ப எனக்கு வசதியா இருந்துச்சு. பந்து எப்ப வரும்னு தெரிஞ்சுது."

"இப்ப?"

"நாளைக்கு அந்தக் காலைப் பாக்காம இருக்க என்னால முடியாதுடா. நீ மாத்திக்க."

டேனர் மெல்வதை நிறுத்தினான். தன் தட்டிலிருந்த ஆப்பிள் இனிப்பை எடுத்து ஜாரெலின் தட்டில் வைத்தான். "தின்னு. நாளைக்கு உன் தலைக்கு மேலதான் எறியப்போறேன்."

வெற்றி பெரிதா? விளையாட்டில் பெரிதுதான். ஆனால் பெரியோர்களே, சட்டை மாறலாம், சாப்பிடும் மேசை மாறலாம், நிற்கும் கோடு மாறலாம். நேற்றுவரை நம்மை நம்பி எறிந்தவனின் முன்னே நின்று, "இது உன் குறை, திருத்திக்கொள்" என்று சொல்லும் நெஞ்சு மாற வேண்டுமா? தனக்குக் கிடைத்த ஒரே ஆயுதத்தைத் தோழனின் தட்டருகே வைத்துவிட்டு வெறுங்கையோடு களமிறங்கியவனை நான் என்னவென்று சொல்வேன்? புகழ்வது என் பழக்கமில்லை. இன்று புகழ்கிறேன்.

மறுநாள் நடந்தது இது. டேனரின் கால் அசையவில்லை. இரண்டு பந்துகள் ஜாரெலின் தலைக்கு மேல் பறந்து, அவன் துரத்திய ஆட்டக்காரனின் கையில் விழுந்தன. மூன்றாவதை விரல்நுனியால் தட்டிவிட்டுக் குப்புற விழுந்தான். மாலையில் பட்டியல் வந்தது. டேனர் முதல் பெயர். ஜாரெல் தன் இடத்துக்கான வரிசையில் மூன்றாவது, மூன்றாமவனுக்குப் பேருந்தில் இடமில்லை. ஆட்டத்தில் அவன் விழுந்தபோது நாற்பது கஜம் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கியவன் டேனர்.

"என் கால் எப்படிடா?"

"அசையவே இல்லடா, பாவி."

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.