மெல்லிசு தந்த அமுதவல்லி

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலக வாசகர் வட்டத் தலைவர் செங்கமலம் அம்மா அவர்களே! பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயார் கண்ணாத்தாள் அவர்களே! அமுதவல்லியின் கணவர், என் அருமைத் தம்பி அருள்மணி அவர்களே! ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுக் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் படகுக்காரர் வீரய்யா அவர்களே! எங்கள் 'வெள்ளாறு' குழுத் தோழர்களே! அறந்தாங்கிப் பெருமக்களே! உமர் பாரூக் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பொறியாளர் அமுதவல்லி அவர்கள் மறைந்து இன்று பன்னிரண்டாம் நாள். 'அவர்கள்' என்று சொல்கிறேன். சொல்லும்போதே நாக்கு இடறுகிறது. பதினோரு ஆண்டு 'அமுதா' என்று கூப்பிட்ட வாய் இது. மேடை மரியாதைக்காகக் கொஞ்சம் முயன்று பார்க்கிறேன். இடையில் வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கண்ணாத்தாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: "பாப்பா நாள் பூராம் அந்தப் பொட்டி முன்னாடியே ஒக்காந்திருக்குமே, அப்படி என்னதான்யா வேலை பாத்துச்சு? நீயாச்சும் எனக்கு வெளங்குற மாதிரி சொல்லேன்." அம்மா, இந்த மேடையில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் கூடவே கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு கருவி ஓட வேண்டுமென்றால் அதற்குள் ஒரு நிர்வாகம் வேண்டும். அதைத்தான் இயங்குதளம் என்கிறோம். அதன் நடு மூளைக்குக் கெர்னல் என்று பெயர். எங்கள் குழு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கும் இயங்குதளம்தான் வெள்ளாறு. வயலில் பம்புசெட்டை நிறுத்தும் பெட்டியில் அது ஓடுகிறது. கடலில் படகு எங்கே நிற்கிறது என்று காட்டும் பெட்டியிலும் ஓடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் கெர்னலின் பதிவேட்டில் ஏதாவது ஒரு வரிசையில் இருக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் எங்கள் தொழிலில் பஸ் என்கிறோம். வரிசையில் இல்லாத பாகத்தைக் கெர்னல் ஏறெடுத்தும் பார்க்காது.

ஆனால் சில பாகங்களுக்கு உடம்பே கிடையாது அம்மா. தொட முடியாது, கழற்ற முடியாது. வெறும் கணக்கு. கடலில் எல்லைக் கோட்டை நெருங்கினால் சத்தம் கொடுக்கச் சொல்லும் காவலாளி இருக்கிறானே, அவன் அப்படிப்பட்டவன். அவனை எந்த வரிசையில் எழுதுவது? நாங்கள் எல்லோரும் என்ன செய்தோம்? பொய் எழுதினோம்! இல்லாத சில்லு, அதாவது 'சிப்', ஒன்று இருப்பதாக எழுதினோம். வீடே இல்லாத ஆளுக்குக் கதவு எண்ணும் கரண்ட் இணைப்பு எண்ணும் போட்டு ரேஷன் கார்டு வாங்கினால் எப்படி, அப்படி. வேலை நடந்தது. யாரும் கேட்கவில்லை.

கேட்டது யார்? அமுதவல்லி கேட்டார்! நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுவோம். ஒரு ஞாயிறு அங்கே நான் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்: "எல்லாரும் இப்படித்தாம்மா எழுதுறாங்க. பொய் சொன்னாலும் பொருந்தச் சொன்னாப் போதாதா?" அமுதா சிரிக்கவில்லை. "ஒரு பொய்யக் காப்பாத்த எத்தனை பொய் எழுதுறது அண்ணே? எண்ணிப் பாத்தேன். நாப்பத்தெட்டு டிரைவர்ல எழுதியிருக்கோம். ஒடம்பு இல்லாதத இல்லைன்னே எழுதுவோம். அதுக்கும் ஒரு எடத்தக் குடுத்துட்டாப் போச்சு." டிரைவர் என்றால் ஒரு பாகத்தை ஓட்டும் சிறு நிரல், அவ்வளவுதான்.

அந்த இடத்தைத்தான் அவர் கட்டினார். உடம்பில்லாத பாகங்களுக்கென்று தனியாக ஒரு பஸ். மொத்தம் இருநூற்றுப் பத்து வரி! பெயர் 'மெல்லிசு'. நாங்கள் சும்மா இருப்போமா? இதைச் சேர், அதைச் சேர் என்று ஆளுக்கொரு யோசனையைத் தூக்கிக்கொண்டு போனோம். நான் மட்டும் ஏழு யோசனை சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு அண்ணே, ஆனா வேணாம்" என்பார். ஏழு முறையும் அதே பதில், அதே முகம். இவ்வளவு இனிமையாக என்னை யாரும் விரட்டியதே இல்லை!

இனி நான் சொல்லப்போவது என் வீட்டாருக்கும் தெரியாது. அருள்மணி, உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றத்தின் கீழும் இரண்டு வரி இருக்க வேண்டும். 'எழுதியவர் இன்னார்.' 'ஓட்டிப் பார்த்தவர் இன்னார்.' இரண்டாவது வரி இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. படித்துப் பார்த்தால் போதாது, பெட்டியில் ஏற்றி ஓட்ட வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்தப் பெட்டி அவ்வப்போது தூங்கி எழும்; அதை நூறு முறை தூங்க வைத்து நூறு முறை எழுப்ப வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு, படகுப் பெட்டியின் எல்லைக் காவலாளியை மெல்லிசுக்கு மாற்றி அமுதா எனக்கு அனுப்பினார். படித்தேன். முத்து முத்தாக இருந்தது. அமுதா எழுதினால் தப்பு இருக்குமா? 'ஓட்டிப் பார்த்தவர்: உமர் பாரூக்' என்று போட்டுத் திருப்பி அனுப்பினேன். நான் ஓட்டவில்லை. பெட்டியைத் தொடக்கூட இல்லை.

அடுத்த வாரம் அந்த மாற்றம் ஏறிய பெட்டிகளோடு பதினைந்து படகு காலையில் கிளம்பிப் போயின. தூங்கி எழுந்த பெட்டிகள் நடுக்கடலில் உறைந்து நின்றன. பதினான்கு படகு ஒன்றையொன்று பார்த்து அன்றே கரைக்கு வந்துவிட்டன. தனியாக விலகிப் போயிருந்த வீரய்யா படகு வரவில்லை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வந்தது. இறங்கியதும் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பொட்டி செத்துப்போச்சு. கோடு அங்கிட்டா இங்கிட்டான்னு தெரியல. தாண்டிட்டா வம்பாப் போயிரும்னு நங்கூரத்தப் போட்டு ஒக்காந்துட்டேன்." அவருடைய நிதானம் அன்றைக்குப் படகில் இருந்த நான்கு உயிரைக் காப்பாற்றியது.

காலையிலிருந்தே துறையில் நின்ற அமுதவல்லி, அத்தனை பேர் முன்னாலும் போய்ச் சொன்னார்: "தப்பு என்னோடது. நான் எழுதுனதுதான்." திட்டினார்கள். தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நான் நின்றேன். கல் மாதிரி நின்றேன்! ஒரு வார்த்தை பேசவில்லை.

அறந்தாங்கிக்குத் திரும்பும் வழியில் மெதுவாகத் தொடங்கினேன்: "அமுதா, அன்னைக்கு நான்..." முடிக்க விடவில்லை. "தெரியும்ணே. ஒரு மணி ஆறு நிமிசத்துக்கு அனுப்புனேன். ஒண்ணு பத்துக்குப் பதில் வந்துருச்சு. நாலு நிமிசத்துல நூறு தடவ தூங்கி எந்திரிக்குமா?" ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "எழுதுனது நான், என் வரிய நான் சொல்லிட்டேன். ஒங்க வரிய நீங்கதான் சொல்லணும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மத்தியானம் சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். என் மீது கோபப்பட அவருக்குத் தெரியவே இல்லை. கோபப்பட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ!

இரண்டு ஆண்டு நான் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். வீரய்யா அவர்களே, அன்று உங்கள் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியவன் நான். என்னை மன்னியுங்கள். ஓட்டாமல் ஓட்டியதாக எழுதினேன். இல்லாததை இருப்பதாக எழுதாதே என்று அந்தப் பெண் கெர்னலுக்குள் போராடிக்கொண்டிருந்தபோது, நான் அவர் பெயருக்குக் கீழேயே ஒரு பொய்யை எழுதினேன்.

அந்தக் காவலாளியை அன்றே பழைய முறைக்குத் திருப்பிவிட்டோம். அமுதா மற்றவற்றை ஒவ்வொன்றாக மெல்லிசுக்கு மாற்றினார். நாற்பத்தேழு முடிந்தன. நோய் வந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கடைசியாக மிஞ்சியதை எழுதினார். எது? அதே எல்லைக் காவலாளி! எனக்கு அனுப்பி, அடியில் ஒரு குறிப்பும் வைத்தார்: "அண்ணே, இத மட்டும் ஓட்டிப் பாத்துட்டுப் போடுங்க. அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்றாரே, நானும் நம்பினேன். அவர் வீடு திரும்பட்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டலாம் என்று வைத்திருந்தேன். அவர் திரும்பவில்லை.

அவர் போன ஒன்பதாம் நாள் காலை, பெட்டியை மேசையில் வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிச் சொல்லி எண்ணினேன். அறுபத்து மூன்றாவது முறை எழுப்பியபோது பெட்டி எழவில்லை. தேடினேன். படகு எங்கே நிற்கிறது என்று வானத்திலிருந்து தகவல் வருவதற்கு முன்பே காவலாளி கண் விழித்துவிடுகிறான். ஒரு வரியை இரண்டு வரி கீழே இறக்கினால் போதும். இறக்கினேன். மறுபடி ஓட்டினேன். நூறு முறையும் எழுந்தது!

பதினோரு ஆண்டில் அமுதாவின் எழுத்தில் நான் பிடித்த முதல் தப்பு அது. சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டேன். எதிர்முனையில் அருள்மணி. "தம்பி, அமுதா இருக்காளா? ஒண்ணு புடிச்சிட்டேன்!" என்றேன். அவர் சொன்னார்: "சொல்லுங்க அண்ணே. நான் எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார், தோழர்களே! நிரல் என்றால் என்னவென்று தெரியாத அந்த மனிதர், நான் சொல்லச் சொல்ல, எந்த வரி எங்கே போக வேண்டும் என்று அமுதாவின் நோட்டிலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "சரியான்னு ஒருக்கா படிக்கிறேன், கேளுங்க" என்றார். நான் கேட்டேன்.

கண்ணாத்தாள் அம்மா, உங்கள் மகள் பார்த்த வேலை இதுதான். இருப்பதை இருக்கிறது என்றும், இல்லாததை இல்லை என்றும் எழுதும் வேலை. எங்களால் அவரைத் திருப்பித் தர முடியாது. அவர் விட்ட இடத்திலிருந்து எங்களால் தொடர முடியும். மெல்லிசு மெல்லிசாகவே இருக்கும். அதற்குள் தேவையில்லாத ஒரு வரிகூட ஏற இந்தக் குழு விடாது. இரண்டு ஆண்டுக்கு முன் நான் எழுதிய பொய் வரியை அழிக்க எங்கள் குழுவின் மாற்றக் குறிப்பேட்டில் வழியில்லை. அதனால் அது பொய் என்று என் பெயரோடு இன்று காலை அதன் கீழே எழுதிவிட்டேன். இனி ஓட்டிப் பார்க்காமல் இந்தக் கை அந்த வரியை எழுதாது. எழுதினால் வீரய்யா அவர்களே, நீங்களே வந்து கேளுங்கள்!

நாற்பத்தெட்டாவது மாற்றம் நாளை உள்ளே போகிறது. அதன் கீழ் இரண்டு வரி இருக்கும். எழுதியவர்: அமுதவல்லி. ஓட்டிப் பார்த்தவர்: உமர் பாரூக்.

அமுதா, ஓட்டிப் பார்த்துட்டேம்மா.