மின்புலத்தில் மருந்தை நிறுத்துப் பார்த்த உஷாராணி அம்மையாருக்கு

மோகனூரில் பிறந்து, நாமக்கல்லில் நிலைத்து, கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பதையே கடமையாகக் கொண்டவரே, எங்கள் முட்டை ஆய்வுக்கூடத்தின் கருவி அறைப் பொறுப்பாளரே, மதிப்பிற்குரிய உஷாராணி அம்மையார் அவர்களே, உங்களோடு வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வாசிக்கும் பணிநிறைவு மடல் இது. இதை எழுதுவது, சோதனைக்கான முட்டை மாதிரிகளை வாங்கும் பிரிவின் வேல்முருகன். சோடனை வார்த்தை எனக்கு அதிகம் வராது. நடந்ததைச் சொல்கிறேன், அதுவே மாலை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

முப்பத்தோரு ஆண்டுப் பணி உங்களுடையது. சோதனைக் குழாயும் நிறம் மாறும் காகிதமும் இருந்த காலத்தில் சேர்ந்தீர்கள். பதினோரு ஆண்டுக்கு முன், துகளின் எடையை வைத்து மருந்தைக் கண்டுபிடிக்கும் பெரிய கருவி வந்து இறங்கியபோது நாங்கள் தள்ளி நின்றோம், நீங்கள் கிட்டே போனீர்கள். பொறுமையில் பூமி, பேச்சில் சிக்கனம், பிழையில் மட்டும் இரக்கமில்லாதவர் என்று உங்களைச் சொல்வோம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நன்றாகச் சிரிப்பீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் நடந்ததை இந்தச் சபை அறிய வேண்டும். மோகனூர் ரோட்டில் பண்ணை வைத்திருக்கும் சின்னுசாமி முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஒரு கண்டெய்னர் முட்டை அனுப்பக் காத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் வண்டி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். முட்டையில் கோழி மருந்து இல்லை என்று நம் ரிப்போர்ட் வேண்டும். அது இல்லாவிட்டால் கப்பலும் இல்லை, அந்த வியாபாரமும் இல்லை.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. சோதனைக்கு முன் மருந்தே இல்லாத முட்டை ஒன்றைக் கருவியில் ஓட்டி, அதை வைத்துத்தான் மற்றதை ஒப்பிடுவோம். கடை முட்டையை நம்பாமல், ஊழியர் வீட்டு நாட்டுக்கோழி முட்டையையே அதற்குக் கொண்டுவருவோம். நாட்டுக்கோழி முட்டை சுத்தம் என்று பதினோரு ஆண்டும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அன்று காலை அந்தச் சுத்தமான முட்டையிலேயே மருந்து தெரிந்தது.

"கருவிக்குள்ள அழுக்குங்க மேடம். கம்பெனி ஆளு வந்து கழட்டணும், பத்து நாள் ஆகும்னு சொல்றாங்க" என்றார் நம் மேலாளர் மணிமாறன். வாசலில் நின்ற சின்னுசாமி உள்ளே வந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, தப்பு எங்க முட்டை மேலயா, உங்க மெஷின் மேலயா? அதைய மட்டும் சொல்லிப்போடுங்க."

"இன்னும் தெரியலைங்க. தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்" என்றீர்கள்.

"அதுக்குள்ள பத்து நாள்ல குஞ்சே பொரிச்சிரும்போல."

நீங்கள் கோபப்படவில்லை. அவரை உட்காரவைத்து, கருவியைக் காட்டி விளக்கினீர்கள். "முட்டைச் சாறு இந்த ஊசி வழியா வருதுங்க. ஊசியில ஆயிரக்கணக்குல வோல்ட். தெறிக்கற துளியில மின்னூட்டம் ஏறிக்கும். துளி காஞ்சாலும் மின்னூட்டம் போகாது, மருந்துத் துகள் மேலயே நிக்கும். உள்ள நாலு உலோகத் தண்டு. நடுவுல மின்புலத்தை மாத்தி மாத்திக் குடுத்தா, நாம தேடற எடை மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். மத்ததெல்லாம் ஆட்டங்கண்டு தண்டுல முட்டிக்கும். சேர்ந்ததை எண்ணுனாப் போதும்."

பிறகு வேலையில் இறங்கினீர்கள். வெறும் கரைப்பானை ஓட்டினீர்கள், ஒன்றும் வரவில்லை. அப்படியானால் கருவியில் அழுக்கில்லை. அந்த மருந்து உடைந்தால் கிடைக்கும் இரண்டு துண்டுகளின் எடைக்கும் மின்புலத்தை மாற்றி மாற்றி வைத்தீர்கள். இரண்டும் வந்தன, வர வேண்டிய விகிதத்திலேயே வந்தன. "இது அழுக்கு இல்லீங்க மணிமாறன். மருந்தேதான். இன்னைக்கு முட்டை யார் ஊட்டுது?" என்று கேட்டீர்கள்.

என் வீட்டு முட்டை. அங்கேயே என் மனைவி அத்தாயிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஆமாங்க, கோழிக்குச் சீக்கு. பக்கத்துப் பண்ணையில கொஞ்சம் மருந்து குடுத்தாங்க, தண்ணியில கலந்து வெச்சேன். ஏன், முட்டை நல்லாயில்லீங்களா?" என்றாள். அறையே என்னைப் பார்த்தது. நீங்கள் போனை வாங்கி, "முட்டை நல்லாத்தான் இருக்கு அத்தாயி, கோழி பொழைச்சிருச்சா?" என்று கேட்டீர்கள்.

அன்று மத்தியானமே நான்கு பேர் வீட்டிலிருந்து முட்டை வரவழைத்து, நான்கையும் முதலில் சோதித்து, சுத்தமானதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினீர்கள். முந்தைய வாரங்களின் பதிவுகளையும் புரட்டினீர்கள்; அவற்றில் பழுதில்லை. சின்னுசாமியின் முட்டையில் மருந்து துளியும் இல்லை. மறுநாள் மத்தியானம் ரிப்போர்ட் போனது, சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பியது. வாசலுக்குப் போய், "உங்க முட்டை மேலயும் தப்பில்லீங்க, மெஷின் மேலயும் இல்லீங்க, எங்க மேலதான்" என்று நீங்களே அவரிடம் சொன்னீர்கள்.

அதை மறைத்துவிடலாம் என்று சொன்னவர்களும் எங்களில் உண்டு. நீங்கள் நடந்ததைப் பதிவேட்டில் வரிக்கு வரி எழுதி, பொறுப்பு என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டீர்கள், என் பெயரைப் போடவில்லை. தை மாதம் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் நெடுநேரம் படித்தார்கள். நம் அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டது. அன்றிலிருந்து நாம் சான்று கொடுத்த ஒரு கண்டெய்னர்கூடத் திரும்பி வரவில்லை. இது உங்கள் வெற்றி, உங்களால் எங்கள் வெற்றி.

அந்த ஆடி மாதச் சம்பவத்துக்கு அடுத்த வாரமே என்னிடம், "வேலு, முட்டை கொண்டாங்க. சோதிச்சிட்டு வெச்சுக்கலாம்" என்றீர்கள். என்னை நம்பவும் செய்தீர்கள், என் முட்டையைச் சோதிக்கவும் செய்தீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

நோயின்றி, நொடியின்றி, பேரன் பேத்தியோடு நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும். காவிரியில் தண்ணீர் வரும் நாளெல்லாம் உங்கள் வீட்டில் சிரிப்பு கேட்க வேண்டும். உங்கள் கையெழுத்து இல்லாத முதல் ரிப்போர்ட் திங்கட்கிழமை போகிறது, உங்கள் பொறுப்பை ஏற்கும் இலக்கியா கையெழுத்திடுவார். அதில் யாருக்காவது சந்தேகம் வந்தால், கருவியைக் கழற்றும் முன் நாங்கள் எங்களைச் சோதிப்போம்.

அன்புடனும் நன்றியுடனும்,
மணிமாறன், இலக்கியா, தேவிப்ரியா, மாரியப்பன், வேல்முருகன்
மற்றும் ஆய்வுக்கூட ஊழியர்கள் அனைவரும்
நாமக்கல்