மறுநாள் காலையில் தோட்டத்துக்குள் போனவர்

மேடையில் வீற்றிருக்கும் பழத்தோட்டச் சங்கத் தலைவர் அவர்களே, தோட்டக்கார நண்பர்களே, ஆய்வு நிலையத்து நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். அழாமல் பேச வேண்டும் என்று நினைத்து வந்தேன். இப்போது கோபப்படாமல் பேச முடியுமா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

மறைந்த நமது மூத்த பூச்சியியல் ஆய்வாளரைத் தோட்டக்காரர்களே, நீங்கள் எப்படி அழைத்தீர்கள்? "முட்டை டாக்டர்"! பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியை முட்டையிலேயே மடக்குங்கள் என்று ஓயாமல் சொன்னாரே, அதனால். அவர் கொண்டுவந்தது பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து. தப்பிப் பொரித்த புழு உடனே செத்து விழாது. தோலுரிக்கும் நேரத்தில் உரிக்க முடியாமல் சாகும். அதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும்! "என்ன டாக்டர், புழு இன்னும் ஜோரா நடக்குதே, டானிக்கா குடுத்தீங்க?" என்று சிரித்தீர்கள். "நடக்கட்டும்ப்பா, தோலை மாத்தும்போது பார்த்துக்கலாம்" என்று அவரும் சிரித்தார்.

ஏன் அந்த மருந்தைக் கட்டிக்கொண்டு அழுதார்? பழைய விஷத்தை அடித்து அடித்து மோப்பமே போன மனிதர் அவர். அடுப்பில் பால் தீய்ந்தால்கூட அவருக்குத் தெரியாது என்று அவர் மனைவி, நம் அண்ணி சொல்வார். "என் மூக்குதான் போச்சு, மத்தவங்களுக்காவது மிஞ்சட்டும்" என்பார் அவர்.

மருந்தடித்த மறுநாள் காலையில் லென்ஸோடு போய், கிளைக்குள் தலையை நுழைத்து முட்டை தேடுவது அவர் வழக்கம். அவருடைய மருந்துக்கு அது சரி. பழைய விஷம் அடித்த தோட்டத்திலோ சில நாளைக்கு ஈ காக்கை நுழையக்கூடாது. இது உங்களுக்குத் தெரியாதா? தெரியும்! நன்றாகத் தெரியும்! தெரிந்தும், புழு உயிரோடு நடப்பதைச் சகிக்காமல், தலைவரின் தோட்டத்தில் அவர் மருந்தோடு பழைய விஷத்தையும் சேர்த்து அடித்தீர்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் வாடை அடித்தது. அவருக்கு மட்டும் அடிக்கவில்லை. வழக்கம்போல் மறுநாள் காலையில் உள்ளே போனவர் மரத்தடியிலேயே விழுந்து இறந்துவிட்டார்.

இரங்கல் தீர்மானத்தில் மாரடைப்பு என்று போட்டிருக்கிறீர்கள். மருந்து கலந்தவர் என்னிடம் வந்து அழுதார். "டாக்டர் கோவிச்சுக்குவார்னுதான் சொல்லலை சார்" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார் ஐயா!

அவர் பணியைத் தொடர உறுதி ஏற்கச் சொன்னீர்கள். ஏற்கிறேன். அடுத்த பருவத்தில் அவருடைய லென்ஸோடு நான் வருவேன். ஆனால் ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகுதான் வேலியைத் தாண்டுவேன். அதை இன்றைக்கே தொடங்கிவிடுகிறேன். தலைவர் அவர்களே, மைக் இதோ இருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாம், அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அன்றைக்குத் தொட்டியில் என்ன கலந்தீர்கள்?